பள்ளிக்கூடச் சுவத்துல ஒரு கட்டுவிரியன்: தப்பா வரைஞ்சது, அழிச்சது, திரும்ப வரைஞ்சது

பின்னணி

பாலாத்தங்கரைய ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு சின்ன ஊரு. ஊர் பேரு, ஸ்கூல் பேரு, ஆளுங்க பேரு எதுவும் இதுல வராது. ஆனா நடந்தத நடந்த வரிசையில அப்படியே எழுதுறேன், ஏன்னா சுவர்ல பாம்பு, தவளைன்னு வரையுற ஆளுங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, நாங்க எங்க சறுக்கினோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா அதே எடத்துல அவங்க சறுக்க வேண்டியதில்ல.

நாங்க அஞ்சு பேரு. எல்லாருக்கும் ஊர்வன, தவளை, தேரை மேல சின்ன வயசுலருந்தே ஒரு பித்து. மழை வந்தா டார்ச்ச எடுத்துக்கிட்டு ஏரிக்கரைக்குப் போயிடுவோம், ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்கெட்ச் நோட்டோட உக்காந்துடுவோம். அதுல ஒருத்தர் முழுநேர சுவர் ஓவியர், கடை போர்டு, கல்யாண மண்டபச் சுவருன்னு இருபது வருஷமா வரையுறவர். நாங்க எல்லாரும் அவர அண்ணன்னுதான் கூப்புடுவோம். அவர் கை சுத்தம், கலர் கலக்குறதுல அவர மிஞ்ச அந்தப் பக்கத்துல ஆளு இல்ல.

ஊர் நடுநிலைப் பள்ளிக்கு ரோட்டப் பாத்த மாதிரி ஒரு நீளமான காம்பவுண்ட் சுவரு. ஹெச்எம் சார் எங்கள கூப்பிட்டு "பசங்க பாம்பப் பாத்தாலே கல்லெடுக்குறாங்கப்பா, ஏதாவது பண்ணுங்க"ன்னு சொன்னாரு. நாங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்த மாதிரி கெளம்பிட்டோம். ஒரு பக்கம் தவளை, தேரை, ஓணான், பச்சோந்தி, உடும்பு. இன்னொரு பக்கம் நாலு முக்கியமான விஷப்பாம்பு, அதாவது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவுல 2000லருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியால கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு ஒரு ஆய்வு மதிப்பிட்டிருக்கு, வருஷத்துக்கு 58,000 பேருக்கு மேல வருது, அதுல பெரும்பங்கு கிராமத்து ஜனங்க. அதனால அந்த நாலு பாம்பு சுவத்துல கண்டிப்பா இருக்கணும்னு நாங்க உறுதியா இருந்தோம். அந்த முடிவு இன்னைக்கும் சரிதான்னு நெனைக்கிறேன். செஞ்ச விதத்துலதான் தப்பு.

வரைஞ்ச விதம்

ஜூலை மாசம் ரெண்டு வாரம் வேலை நடந்துச்சு. சிட்டைல என்னென்ன செலவு எழுதியிருந்தோம்னு இப்ப எடுத்துப் பாத்தேன். எக்ஸ்டீரியர் எமல்ஷன், ஸ்டெய்னர், பிரஷ்ஷு, சாரம் வாடகை, டீ, டிபன். பாம்பத் தெரிஞ்ச ஆள ஒரு நாள் கூட்டிட்டு வந்து காட்டுறதுக்கு ஒரு ரூபா கூட ஒதுக்கல. ஏன்னா நமக்கே தெரியும்ங்குற நெனப்பு. ரெஃபரன்ஸ் எல்லாம் போன்ல தேடி எடுத்த போட்டோதான்.

செதிலுக்கு அண்ணன் ஒரு நல்ல டெக்னிக் வச்சிருந்தாரு. வெங்காயம் கட்டி வருமே நெட் பை, அத நல்லா விரிச்சு சுவத்துல ஒட்டிப் புடிச்சு, மேல ஸ்பாஞ்சால வெளிர் கலர ஒத்தி எடுப்பாரு. நெட்ட எடுத்தா உடம்பு முழுக்க டைமண்டு டைமண்டா செதில் விழுந்திருக்கும். தூரத்துலருந்து பாத்தா உயிரோட நெளியுற மாதிரியே இருக்கும். நாங்க அத்தன பேரும் அத வாயப் பொளந்து பாத்தோம். அந்த நெட் பைதான் பின்னாடி பிரச்சினையில பாதி, அப்ப யாருக்கும் தெரியல.

கட்டுவிரியன் படத்த சுருண்டு கெடக்குற மாதிரி வரைஞ்சோம், இடம் சதுரமா இருந்ததால. வெள்ளக் கட்டு, அதாவது உடம்புக்குக் குறுக்க வர்ற வெள்ளப் பட்டை, கழுத்துலருந்து ஆரம்பிச்சு வால் வரைக்கும் ஒரே அளவுல, ஒரே இடைவெளில. டிசைனா பாத்தா அவ்வளவு அழகு.

முதல் அறிகுறி, நாங்க பாதியில விட்டது

ஆகஸ்ட்ல தெறப்பு விழா எல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். ஏழாங்கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணு என்கிட்ட வந்து "அண்ணா, தவளைக்கு முன்னாடி கைல அஞ்சு வெரல் போட்டிருக்கீங்க, நாலுதான் இருக்கு"ன்னு சொல்லுச்சு. எப்படிம்மா தெரியும்னு கேட்டா, ஸ்கூல் பின்னாடி தண்ணித்தொட்டிகிட்ட மழைக்கு வந்த தவளைய மூணு நாளா எண்ணிப் பாத்திருக்கு. முன்னங்கால்ல நாலு, பின்னங்கால்ல அஞ்சு. அந்தப் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்க பெரிய மஞ்சத் தவளைய, அதான் மழைக்காலத்துல ஆண் தவளை எலுமிச்சம்பழ மஞ்சளா மாறி தொண்டைக்கு ரெண்டு பக்கமும் நீலப் பை உப்பிக்கிட்டுக் கத்துமே, அத நாங்க ரொம்ப ஆசையா வரைஞ்சிருந்தோம், நீலப் பையோட பளபளப்புக்கே அண்ணன் ஒரு சாயங்காலம் முழுக்க செலவு பண்ணாரு. வெரல யாரும் எண்ணல.

மறுநாளே ஒரு வெரல அழிச்சு சரி பண்ணிட்டோம். அந்தப் பொண்ணுக்கு ஒரு பிரஷ் செட்டு வாங்கிக் கொடுத்தோம். அத்தோட விட்டுட்டோம். ஒரு படத்துல இவ்வளவு அடிப்படைத் தப்பு இருந்தா மத்த படத்துலயும் இருக்கும்னு யோசிச்சு அன்னைக்கே சுவர் முழுக்க ஒரு தடவ சரி பாத்திருக்கணும். பாக்கல. இந்த மொத்த விஷயத்துலயும் எனக்கு இன்னும் உறுத்துறது இதுதான்.

நவம்பர்ல நடந்தது

வடகிழக்குப் பருவமழை புடிச்சு ரெண்டு வாரம். ஒரு காலையில எட்டு மணி வாக்குல ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல இருக்குற பெட்டிக்கடை வாசல்ல ஒரு பாம்ப அடிச்சுப் போட்டிருந்தாங்க. நான் போறப்ப தலை நசுங்கியிருந்துச்சு, உடம்பு முழுசா இருந்துச்சு. ஒன்றரை அடி கூட இல்ல. பழுப்பு உடம்பு, கழுத்துல பட்டையா ஒரு வெள்ளை, அங்கருந்து கட்டு கட்டா போயி பாதி உடம்புக்கு மேல மங்கி, வால் பக்கம் கட்டே இல்ல. ஓநாய்ப் பாம்பு. வீட்டுச் சுவத்துல ஏறி பல்லி புடிச்சுத் திங்குற, விஷமே இல்லாத பாம்பு.

அடிச்சவரு கோபக்காரர் எல்லாம் இல்ல, தன் பேத்திய ஸ்கூல்ல விட வந்த தாத்தா. நான் மெதுவா "ஐயா, இது விஷமில்லாத பாம்புங்க"ன்னு சொன்னேன். அவரு என்னக் கூட்டிட்டுப் போயி சுவத்தக் காட்டுனாரு. "நீங்கதான தம்பி வரைஞ்சு வச்சிருக்கீங்க, கட்டுவிரியன்னு? பாருங்க, கழுத்துலருந்து கட்டு. அதே தான அது?"

செத்துக் கெடந்த பாம்பையும் எங்க படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தேன். அவரு சொன்னதுதான் சரி. நாங்க கட்டுவிரியன்னு பேரு எழுதி வரைஞ்சு வச்சிருந்தது முக்கால்வாசி ஓநாய்ப் பாம்பு.

உண்மையான கட்டுவிரியனுக்கு தலையும் கழுத்தும் ஒட்டி முன்பக்கம் கறுப்பா வெறுமையா இருக்கும், கட்டு கொஞ்சம் தள்ளித்தான் ஆரம்பிக்கும், சிலதுல முன்பக்கம் வெறும் புள்ளியா இருக்கும், வால் பக்கம் போகப் போகத்தான் கட்டு தெளிவா தெரியும், பெரும்பாலும் ரெண்டு ரெண்டு கோடா சேந்து வரும். ஓநாய்ப் பாம்புக்கு இது அப்படியே தலைகீழ். அப்புறம் கட்டுவிரியனுக்கு முதுகு நடுவுல ஒரு வரிசை செதில் மட்டும் மத்ததவிட பெருசா, ஆறு பக்கமா இருக்கும், ஓநாய்ப் பாம்புக்கு அது கெடையாது. வெங்காய நெட்டால ஒத்துன செதில் எல்லாம் ஒரே சைஸ், அதுல நடு வரிசைங்குறதே காணாம போச்சு.

அடுத்த நெனப்பு வந்ததும் வயித்தக் கலக்கிடுச்சு. இந்தப் படத்த மனசுல வச்சிருக்குற ஒரு ஆளு ராத்திரி நெசமான கட்டுவிரியனப் பாத்தா, கழுத்துல கட்டு இல்லையே, இது அது இல்லன்னு நெனைச்சுட மாட்டாரா? கட்டுவிரியன் ராத்திரியில நடமாடுற பாம்பு, தரையில படுத்துத் தூங்குறவங்களத்தான் அதிகம் கடிக்குது, கடிச்ச எடம் பெருசா வலிக்காது வீங்காது, பல நேரம் கடிச்ச தடமே கண்ணுக்குத் தெரியாது, விடியக்காலைல வயித்து வலி, கண் இமை தானா மூடுறது, மூச்சுத் திணறல்னு வரும்போதுதான் வீட்டுல முழிக்கிறாங்க. இப்படிப்பட்ட பாம்புக்கு நாங்க ஊருக்குத் தப்பான படத்த வச்சிருந்தோம், மூணு மாசமா.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்னைக்கு மத்தியானமே கட்டுவிரியன் படத்து மேல வெள்ளை அடிச்சோம். இதுல எங்களுக்குள்ள சண்டை வந்துச்சு. அண்ணன் "கட்ட மட்டும் கொஞ்சம் மாத்தினா போதும், ஒரு நாள் வேலை"ன்னாரு. ஹெச்எம் சார் அரைப் பரீட்சை முடியட்டுமேன்னாரு. நான் ஒத்துக்கல. தப்பான படம் இருக்குறதவிட வெறும் சுவரு மேல், திரும்ப வரைய எத்தன நாள் ஆனாலும் ஆகட்டும்னேன். அண்ணனுக்கு அது மனசு கஷ்டம்தான், ஆனா கடைசில பிரஷ்ஷ எடுத்து வெள்ளை அடிச்சது அவரேதான்.

அடுத்தது, இந்தத் தடவ தெரிஞ்ச ஆள வச்சுத்தான் வரையணும்னு முடிவு பண்ணோம். பக்கத்து ஊர்ல இருளர் சமூகத்துப் பெரியவர் ஒருத்தர் இருக்காரு, வாலிப வயசுலருந்து பாம்பு புடிக்கிறவர். 1972ல வன உயிரினச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்னதுக்கப்புறம் பொழப்பு போன இருளர்களுக்காக 1978ல ஆரம்பிச்ச பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலில இருக்கு, விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்த எடுத்துக் கொடுக்குறவங்க. அந்தச் சமூகத்துலருந்து ரெண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன், 2023ல பத்மஸ்ரீ கெடச்சது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இவ்வளவு அறிவு சைக்கிள்ல போற தூரத்துல இருக்க, நாங்க போன்ல போட்டோ தேடிக்கிட்டிருந்தோம்.

பெரியவர் சுவத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம நின்னாரு. முதல்ல நல்ல பாம்புகிட்ட போனாரு. "தம்பி, கண்ணாடி முதுகுல இருக்கு, நீங்க நெஞ்சுல வரைஞ்சிருக்கீங்க." உண்மைதான், படத்துல பாம்பு நம்மப் பாத்து படம் எடுத்து நிக்குது, நாங்க கண்ணாடி அடையாளத்த முன்பக்கமே போட்டிருந்தோம், காலண்டர்ல பாத்துப் பாத்துக் கை அப்படியே பழகிருச்சு. அப்புறம் நாக்கு. வாயத் தெறந்து நாக்க நீட்டுற மாதிரி இருந்துச்சு. "வாய மூடிக்கிட்டேதான் நாக்க ஆட்டும், மேலுதட்டுல சந்து இருக்குல்ல"ன்னாரு. கண்ணாடி விரியன் மட்டும் பரவால்லன்னாரு, மூணு வரிசை வட்டமும் எடத்துல இருக்கு, ஆனா வால இன்னும் சின்னதா போடுங்கன்னாரு. அழிச்ச கட்டுவிரியன போன்ல காட்டுனேன். பாத்துட்டு ஒரே வரியில சொன்னாரு: "கழுத்துல மாலை போட்டு விட்டிருக்கீங்க. கட்டுவிரியன் கழுத்து மொட்டையா இருக்கும்."

அந்த வரியதான் பின்னாடி நாங்க பசங்களுக்குச் சொல்ல வச்சுக்கிட்டோம்.

பெரியவருக்கு வந்து போற ஒவ்வொரு நாளுக்கும் அண்ணனுக்குக் கொடுக்குற அதே கூலி. அவர் கேக்கல, நாங்களா முடிவு பண்ணோம். வரையுறவன் வேலைக்கு ஒரு வெல இருந்தா அத சரின்னு சொல்றவர் வேலைக்கும் அதே வெலதான்.

மூணாவது, நேர்ல பாத்து வரையுறது. வடநெம்மேலில முதலைப் பண்ணைக்குள்ளயே இருக்குற சங்கத்து எடத்துக்கு நாங்க ரெண்டு தடவ போனோம். பாம்பெல்லாம் மண் பானைல, பானை வாய்க்குத் துணி கட்டி இருக்கும். ஒரு பாம்ப சில வாரம்தான் வச்சிருப்பாங்க, விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு சின்ன வெட்டு அடையாளம் போட்டு திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க, அதே பாம்பு உடனே மாட்டினா தெரியுறதுக்கு. எங்களுக்குக் கட்டுவிரியனப் பாக்கக் கெடச்சது சில நிமிஷம்தான். அண்ணன் அந்த நேரத்துல கலரையே தொடல, பென்சில்ல முதுகு வரிசைய மட்டும் வரைஞ்சாரு. நடு வரிசை செதில் ஒண்ணு, அதுக்கு ரெண்டு பக்கமும் சின்னது, திரும்ப ஒண்ணு. வெளிய வந்து "கறுப்புன்னு நெனைச்சேன்டா, வெளிச்சம் பட்டா நீலமா ஓடுது"ன்னாரு. இருபது வருஷம் வரைஞ்ச மனுஷன் முகத்துல அன்னைக்கு இருந்த சந்தோஷத்த நான் மறக்க மாட்டேன்.

நாலாவது முடிவு, படத்தோட அமைப்பு. சுருண்ட பாம்பு வேணாம், நீட்டி, நெசமான நீளத்துல. மேல கட்டுவிரியன், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. கீழ ஓநாய்ப் பாம்பு, அரை மீட்டர். தலை ரெண்டும் ஒரே பக்கம். இப்படி வச்சா எது எங்க ஆரம்பிக்குது, எது எங்க மங்குதுன்னு எழுத்துக்கூட்டத் தெரியாத ஆளுக்கும் தெரியும். முதுகு வரிசைய அண்ணன் ஒவ்வொரு செதிலா கையாலயே போட்டாரு, நெட் பை பக்கமே போகல. கட்டுவிரியனுக்கு மட்டும் மேல ஒரு கோட் பளபளப்பு வார்னிஷ்.

நடந்தது என்ன

ஜனவரில, பொங்கல் லீவு முடிஞ்ச வாரம், சத்துணவுக் கூடத்துல அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒரு ஓநாய்ப் பாம்பு வந்துச்சு. சமையல் அக்கா கட்டைய எடுக்கல. பசங்கள வெளிய அனுப்பிட்டு, கதவுகிட்ட நின்னு எங்களுக்கு போன் பண்ணாங்க. "தம்பி, கழுத்துல மாலை இருக்கு, ஆனா நான் கிட்ட போகல, நீங்க வாங்க." இதவிட சரியா யாரும் நடந்துக்க முடியாது.

அதே மாசம் இன்னொண்ணும் நடந்துச்சு. பத்தாவது படிக்கிற ரெண்டு பசங்க ஒரு ஓநாய்ப் பாம்பக் கையில புடிச்சு கழுத்துல போட்டு செல்ஃபி எடுத்திருக்காங்க. கேட்டா "சுவத்துல விஷமில்லாததுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க"ன்னு சொன்னானுங்க. ஆமா, எழுதியிருந்தோம், பச்சக் கலர்ல கொட்ட எழுத்துல. அவனுங்க புடிச்சது ஓநாய்ப் பாம்பா இருந்தது அவனுங்க நேரம். சில கட்டுவிரியனுக்குக் கட்டே மங்கலா இருக்கும், சிலதுல இருக்குறதே தெரியாது, இத பெரியவரும் சொல்லியிருந்தாரு, நாங்க படத்துல காட்ட எடமில்லன்னு விட்டுட்டோம்.

திரும்ப உக்காந்து பேசுனோம். பச்ச எழுத்த அழிச்சோம். ரெண்டு பாம்புக்கும் பேரு மட்டும். கீழ முழு நீளத்துக்கும் ஒரே வரி: எந்தப் பாம்பா இருந்தாலும் தள்ளி நில்லுங்க, கையும் வைக்காதீங்க, கம்பும் எடுக்காதீங்க, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்க. அதுக்குப் பக்கத்துல கடிச்சா என்ன பண்ணணும்னு. கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வச்சு உறிஞ்சாதீங்க, கடிபட்ட கை காலு அசையாம வச்சு 108க்கு போன் பண்ணி நேரா அரசு ஆஸ்பத்திரி. பாம்ப அடிச்சு எடுத்துட்டுப் போக வேண்டியதில்ல, இந்த நாலு பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், டாக்டர் அறிகுறியப் பாத்துக் கொடுப்பாரு. வலி இல்லன்னாலும், தடம் தெரியலன்னாலும் போங்க. இந்தக் கடைசி வரிய கட்டுவிரியனுக்குன்னே சேத்தோம்.

ஊரு மொத்தமா மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பிப்ரவரில ஏரிப்பக்கத் தெருவுல ஒரு சாரைப்பாம்ப அடிச்சுட்டாங்க, எலி புடிச்சு வயல காப்பாத்துற பாம்பு, ஆறடிக்கு மேல. அந்தத் தெரு ஆளுங்க ஸ்கூல் ரோட்டுப் பக்கம் வர்றதே இல்ல, அவங்க போற வழி வேற. எங்க சுவரு அவங்களுக்கு இல்லவே இல்லாத மாதிரிதான்.

அடுத்த தடவ மாத்திச் செய்யப்போறது

பென்சில் கோடு போட்டதுமே, கலர் வைக்கிறதுக்கு முன்னாடி, பெரியவரும் பசங்களும் பாக்கணும். கலர் ஏறிட்டா நமக்கே அத மாத்த மனசு வராது, அண்ணனுக்கு வரல, எனக்கும் அந்தத் தவளை வெரல திருத்தினதோட மத்த படத்தத் தொட மனசு வரல. செலவுச் சிட்டைல பெரியவர் கூலி முதல் வரியில இருக்கும். ஒரு எடத்துல தப்புன்னு யாராச்சும் சொன்னா அந்த எடத்த மட்டும் திருத்தாம மொத்தச் சுவத்தையும் அன்னைக்கே பாக்கணும். எது அலங்காரத்துக்கு வரையுறோம், எத நம்பி ஒருத்தர் முடிவு எடுப்பாருன்னு முதல்லயே பிரிச்சுக்கணும். உடும்போட வால கொஞ்சம் வளச்சு அழகு பண்ணா யாருக்கும் நஷ்டமில்ல, கட்டுவிரியனோட கட்ட வளச்சா அது வேற கதை. ஏரிப்பக்கத் தெருவுக்கு தனியா ஒரு சுவரு கேட்டிருக்கோம், ரேஷன் கடை பக்கவாட்டுச் சுவரு கெடைக்கும் போல இருக்கு. அங்க சாரைப்பாம்புதான் முதல் படம்.

அந்த ஏழாங்கிளாஸ் பொண்ணு இப்ப நாங்க கேக்காமலே ஒவ்வொரு படமா எண்ணிக்கிட்டு வருது. பச்சோந்தி கால்ல நாங்க முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே மாதிரி பிரிச்சு வரைஞ்சிருக்கோம், அது தப்பு. ஏப்ரல் லீவுல சாரம் கட்டுறோம். அந்தப் பொண்ணோட நோட்டுல இப்பவே எழுதியிருக்கு: முன்னங்கால் வெளிய ரெண்டு, உள்ள மூணு. பின்னங்கால் வெளிய மூணு, உள்ள ரெண்டு.